குளத்தோரத்து வாசனைச் செடிகள்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. வருகிறவர்கள் கால் கழுவப் போவார்கள். கரையில் நிற்கும் இலையொன்றைக் கிள்ளி மணந்து பார்ப்பார்கள். அப்புறம் கேள்வி தொடங்கும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் போனிலும் ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன.

குளத்தோரச் செடி எண்டால் என்ன? தாமரை, அல்லி எல்லாம் அதிலே சேருமோ?

சேராது. தாமரையும் அல்லியும் குளத்தின் அடியில் வேர்விட்டு, நடுத்தண்ணீரில் வாழ்பவை. நம் தேசிய மலரான நில் மானெல், அதாவது நீலோற்பலமும் அப்படித்தான். மெல்லிய வாசம் உண்டு, ஆனால் அதன் இடம் கரை இல்லை. குளத்தோரச் செடிக்கு வேர் சேற்றில் இருக்கும், தலை காற்றில் இருக்கும்.

கரையை மூன்று படியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் நிற்காது. கறிக்குப் போடும் வாசனை இலையான ரம்பை, வெட்டிவேர், வெள்ளை இஞ்சிப்பூ ஆகியவற்றுக்கு அதுதான் இடம். நடுப்படியில் தண்ணீர் மண்மட்டத்தோடு நிற்கும். வல்லாரை அங்கே ஓடிப் படரும். கீழ்ப்படியில் மண்ணுக்கு மேல் இரண்டு முதல் நான்கு அங்குலம் தண்ணீர். அது வசம்பின் வீடு. என்னிடம் வரும் முறைப்பாடுகளில் முக்கால்வாசி, செடியைப் படி மாற்றி வைத்ததால் வருபவை. கீழே எங்கெல்லாம் "படி" என்று வருகிறதோ, இதைத்தான் சொல்கிறேன்.

இதுகளை வைச்சால் தோட்டம் முழுக்க வாசம் வீசுமா அன்ரி?

வீசாது. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மல்லிகை மாதிரி காற்றில் மணக்கும் செடி இந்தக் கூட்டத்தில் வெள்ளை இஞ்சிப்பூ ஒன்றுதான், அதுவும் அந்தி சாய்ந்த பிறகு. மற்றவற்றின் வாசம் இலைக்குள்ளும் கிழங்குக்குள்ளும் வேருக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. கசக்கினால், மிதித்தால், வெட்டினால்தான் வெளியே வரும்.

ரம்பையைப் பாருங்கள். நிற்கிற செடியில் மூக்கை வைத்தால் ஏதோ பச்சைப் புல் மணம். இரண்டு அங்குலத் துண்டை எண்ணெயில் போட்டதும் வீடே மணக்கிறது. அந்த மணத்துக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். பாசுமதி அரிசியின் மணமும் அதேதான். ஆகவே இந்தச் செடிகளைப் பார்க்கிற தூரத்தில் வைக்காதீர்கள், தொடுகிற தூரத்தில் வையுங்கள். குழாயடி, கால் கழுவும் கல், குந்தியிருக்கும் திண்ணை ஓரம். எங்கள் வசம்பு நடைபாதைக்குள் சாய்ந்து நிற்கிறது. யாராவது உரசாமல் போக முடியாது. வேண்டுமென்றே அப்படி வைத்தேன்.

எனக்குத் தோட்டக்கை இல்லை. கொழும்பிலே நிச்சயம் வருகிற ஒண்டைச் சொல்லுங்கோ.

ரம்பை. மேல்படியில் ஒரு பக்கக் கன்றை ஊன்றிவிட்டு மறந்துவிடுங்கள். அது பிழைத்தால் அடுத்தது வசம்பு.

வசம்பைப் புறக்கோட்டை மருந்துக் கடையிலே வாங்கி நட்டேன். மாதம் ஒண்டாச்சு, முளைக்கவே இல்லை. ஏமாத்திப் போட்டாங்களோ?

கடைக்காரர் பாவம். அவர் விற்றது மருந்துக்காகக் காயவைத்த கிழங்கு. அது செத்த கிழங்கு. உரைக்கலாம், இடிக்கலாம், முளைக்க வைக்க முடியாது. நடுவதற்குப் பச்சைக் கிழங்கு வேண்டும். நாற்றுமேடைகளில் "வதகஹ" என்று சிங்களப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பத்தரமுல்லை தியத உயன பூங்காவில் செடி விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே விசாரித்துப் பார்க்கலாம். யாராவது வைத்திருந்தால் கேட்டு வாங்குவதுதான் சுகம். வசம்பு வைத்திருப்பவரிடம் எப்போதும் தேவைக்கு மேல் இருக்கும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க மூக்குதான் வழி. வாள் போன்ற இலையோடு நிற்கும் குளத்துச் செடிகள் பல உண்டு. வசம்பு இலையில் நடு நரம்பு நடுவில் இராது, ஒரு பக்கம் தள்ளி ஓடும். இலையின் ஓரம் சில இடங்களில் சுருங்கி அலைபோல இருக்கும். கசக்கினால் காரமும் இனிப்பும் கலந்த மணம் வரவேண்டும். மணம் இல்லையென்றால் அது வசம்பு இல்லை, காசைத் திருப்பி வாங்குங்கள்.

நடும்போது விரல் நீளத் துண்டு போதும், நுனியில் குருத்து இருக்கவேண்டும். படுக்கையாக வைத்துப் பாதிவரை புதைத்தால் சரி. இஞ்சி மாதிரி ஆழமாகப் புதைத்தால் அழுகும். இரண்டு வருடத்தில் செடி நட்ட கூடை நிறைந்துவிடும், எடுத்துப் பிரித்து மறுபடி நடுங்கள்.

வீட்டிலேயே வளர்ந்த சுத்தமான வசம்புதானே. பிள்ளைக்குச் சுட்டு உரைச்சுக் குடுக்கலாமா? அம்மம்மா எங்களுக்குக் குடுத்தவதானே.

நான் கொடுக்க மாட்டேன். பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லா மருந்து என்றெல்லாம் அன்பாகப் பெயர் வைத்த பொருள், அதனால் இந்தப் பதிலுக்கு எனக்கு வசவும் விழுந்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்து வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் அதிகம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டிகள் வந்தன. 1968இல் அமெரிக்கா இதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. சுத்தமாக வளர்ந்ததா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தப் பொருள் செடிக்குள்ளேயே இருக்கிறது.

கையில் கட்டும் வசம்பு வளையலும் பிள்ளையின் வாய்க்குள்தான் போகும். பிள்ளைக்கு வயிற்றுக்குத்து என்றால் டொக்டரிடம் கேளுங்கள். வசம்பு குளத்தில் அழகாக நிற்கட்டும்.

வெட்டிவேரைத் தண்ணிக்குள்ளேயே வைச்சிட்டேன், நல்லாத்தான் நிக்குது. சரிதானே?

நிற்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் முரட்டுப் புல் அது. ஆனால் நீங்கள் அதை வைத்தது புல்லுக்காகவா, வேருக்காகவா? நல்ல இறுகாத மண்ணில் வெட்டிவேர் மூன்று மீற்றர் ஆழம்கூடப் போகும். தண்ணீர் தேங்கிய சேற்றில் வேருக்குக் காற்று இல்லை, அது மேலேயே நின்றுவிடும். வாசமே வேரில்தான் என்பதால் நட்டம் உங்களுக்கு. ஆகவே மேல்படி. அதிலும் குளத்து விரிப்புக்கு வெளியே, நிரம்பி வழியும் தண்ணீர் போகிற பக்கம் வைத்தால் கரையையும் பிடித்துக்கொள்ளும்.

வேர் எடுக்கும் ஆசை இருந்தால் தரையில் நடாதீர்கள், தோண்டுவதற்குள் இடுப்பு போய்விடும். வெறும் அரிசிச் சாக்கில் மணல் கலந்த மண்ணை நிரப்பி நடுங்கள். ஒன்றேகால் ஒன்றரை வருடம் கழித்துச் சாக்கைக் கிழித்துக் கழுவினால் வேர் முழுசாகக் கிடைக்கும். ஒரு கொத்தை மண்பானைத் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று நாளைக்கு மணக்கும். வெட்டிவேர்த் தட்டி கட்டினால் குளிருமா என்று இன்னொருவர் கேட்டார். அது வறண்ட ஊர்களின் வித்தை. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்த கொழும்பில் வாசம் வரும், குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள்.

ரம்பையும் தாழையும் ஒண்டுதானே? தாழம்பூவுக்காக ரம்பை வைச்சு நாலு வருஷம், ஒரு பூகூட இல்லை.

இன்னும் நாற்பது வருடம் காத்தாலும் வராது. இரண்டும் ஒரே குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள். ரம்பை பூப்பது மிக மிக அரிது. பக்கக் கன்றால்தான் பெருகுகிறது. தாழம்பூ என்று நாம் கொண்டாடுவது தாழையின் ஆண்பூ. தாழை ஆளுயரத்தைத் தாண்டி, முள்ளோடு, விழுதூன்றி, பக்கவாட்டில் புதராகப் பரவும். ஆறு பேர்ச் அளவான சின்னக் காணியில் தாழை வைத்தால் நீங்கள் வாடகைக்குப் போகவேண்டியதுதான். சிவபூசைக்கும் உதவாத பூ அது, பொய்ச்சாட்சி சொல்லிச் சாபம் வாங்கியது என்று கதை இருக்கிறதே.

வாசத்துக்குப் பாம்பு வருமாமே அக்கா?

பாம்பு வருவது தவளைக்கும் எலிக்கும். வாசத்துக்கு அல்ல. தாழம்புதருக்குள் பாம்பு என்ற பேச்சு வந்ததும், அந்த முள்ளடர்த்தியில் அதற்குப் பத்திரமான மறைவு கிடைப்பதால்தான் இருக்கும். குளம் இருந்தால் தவளை வரும், தவளைக்குத் தண்ணீர்ப் பாம்பு எப்போதாவது வரும். அதற்கு விஷம் இல்லை. கரையில் கல்லும் பலகையும் குவித்து வைக்காதீர்கள், செடியின் அடியைத் தரை தெரிகிற மாதிரி வெட்டிவிடுங்கள், இரவில் லைட் இல்லாமல் போகாதீர்கள்.

குளம் வைச்சால் நுளம்பு பெருகாதா? பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் என்ன சொல்லுறது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அதில் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே பி.எச்.ஐ வந்தால் முகம் சுளிக்காமல் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

டெங்கு நுளம்புக்குப் பிடித்தது அசையாத தெளிந்த தண்ணீர், மீன் இல்லாத சின்னப் பாத்திரம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, மழை வந்ததும் பொரிக்கும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். கப்பி மீன் பத்துப் பதினைந்து நீந்தும் குளத்தில் நுளம்புப் புழு தப்பாது. ஆபத்து குளத்தைச் சுற்றித்தான்: பூச்சாடியின் அடித்தட்டு, கவிழ்க்காமல் விட்ட வெறும் கூடை, வெட்டிய மூங்கிலின் துளை. ரம்பையின் இலைக்கக்கத்திலும் மழைத்தண்ணீர் தேங்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை. வாரம் ஒருமுறை குழாயை வைத்துப் பீய்ச்சி அடித்துவிடுங்கள்.

இன்னொன்று: வசம்பு அடர்ந்து சுவராகிவிட்டால் அதற்குள் மீன் நுழையாது. உள்ளே தனிக் குட்டை உண்டாகும். முன்பு சொன்னபடி பிரித்து நடுவது அழகுக்கு மட்டும் அல்ல, இதற்கும்தான்.

வசம்பும் வெட்டிவேரும் நுளம்பை விரட்டும் எண்டுறாங்களே. பிறகேன் மீன்?

அவற்றிலிருந்து வடித்த எண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு. நிற்கிற செடி எண்ணெயைக் காற்றில் தெளிப்பதில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான். என் வசம்பு இலையிலேயே நுளம்பு உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

தும்புத்தூளும் கொம்போஸ்ட்டும் கலந்து நட்டேன். எல்லாம் மிதந்து குளமே கறுப்பாப் போச்சு.

போகத்தான் செய்யும். பூச்சாடிக்கு நல்ல கலவை தண்ணீருக்குள் கெட்ட கலவை. களிப்பான பாரமான மண் வேண்டும், உரம் குறைவாக. கபுக் கல் (செம்பாறைக் கல்) உடைந்த சிவப்பு மண் மட்டும் என்றால் அதோடு வயல் மண் பாதி சேருங்கள். கூடைக்குள் சாக்குத் துணி விரித்து, மண்ணை நிரப்பி அழுத்தி, மேலே ஒரு அங்குலம் சல்லிக் கல் பரப்பி, மெதுவாக இறக்குங்கள். யூரியா பக்கமே போகவேண்டாம். தண்ணீர் பச்சையாகும், மீன் சாகும். மீன் போடும் எச்சமே செடிக்குப் போதுமான சாப்பாடு.

புதுசா சீமெந்துக் குளம் கட்டியிருக்கு. எப்ப நடலாம்?

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரைக் காரமாக்கும்; மீனும் தாங்காது, செடியும் மஞ்சளாகும். நிரப்பி, நாலைந்து நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்புங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்தால் போதும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைக்கும் வழக்கமும் இருக்கிறது. நானும் போட்டேன். நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரர் இரண்டு நாள் பின்கதவைத் திறக்கவில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒன்றிரண்டு நாள் திறந்து வைத்த பிறகு மீன் விடுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீர் என்றால் வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் மழைநீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிவேர் உப்பை ஓரளவு பொறுக்கும், மற்றவை பொறுக்காது.

அடைமழைக்கு ரெண்டு நாள் எல்லாம் மூழ்கிக் கிடந்தது. செத்துப்போகுமோ?

இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் மூழ்கினால் ரம்பையின் குருத்து அழுகத் தொடங்கும். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் பொல்லாதவை. குளம் கட்டும்போதே வழிந்தோடக் குழாய் வைத்துவிடுங்கள். அதன் வாயில் வலை கட்டினால் மீன் கானுக்குள் போகாது.

கூடைகளை நான் செங்கல்லின் மேல்தான் வைக்கிறேன். மழைக்காலத்தில் ஒரு கல் கூட்டுவேன், தை மாசி வெயிலில் தண்ணீர் இறங்கியதும் ஒரு கல் எடுப்பேன். செடி அதே படியில் இருக்கும், தண்ணீர் எப்படிப் போனாலும்.

வெள்ளை இஞ்சிப்பூ பக்கத்து வீட்டுக்கும் பரவிடுமா?

விட்டால் பரவும். ஹவாயிலும் பிரேசிலிலும் அது ஈர நிலங்களை ஆக்கிரமித்த களை. அடி மூடிய பெரிய பூச்சாடியில், மேல்படியில், பாதி நிழலில் வையுங்கள். ஒரு தண்டு ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்ததை அடியோடு வெட்டினால் புதுத்தண்டு வரும். பிரித்தெடுத்த கிழங்கைக் கால்வாயில் எறியாதீர்கள். பையில் கட்டிக் குப்பைக்கு.

சதுப்பு நிலத்திலே எவ்வளவோ நிக்குது. அங்கேயிருந்து பிடுங்கி வரலாமே? ஆகாயத்தாமரையும் சும்மா கிடைக்குது.

தலவத்துகொடையில் தியசரு பூங்காவுக்கோ கோட்டேயில் பெத்தகானவுக்கோ போய், எந்தச் செடி எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்து வாருங்கள். அது நல்ல பாடம். பிடுங்கக்கூடாது. கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்றது இந்த நிலங்களால்தான்.

ஆகாயத்தாமரை என்று நம் ஆட்கள் இரண்டு செடியைச் சொல்கிறார்கள். சிங்களத்தில் ஜப்பான் ஜபர எனப்படும், ஊதாப்பூ பூக்கும் செடி ஒன்று. அதை ஒழிக்க இங்கே 1909இலேயே தனிச்சட்டம் போட்டார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மற்றது கோவா (முட்டைக்கோஸ்) மாதிரி மிதக்கும் இலைக்கொத்து. அதன் வேரில் மன்சோனியா என்ற நுளம்பின் புழு ஒட்டிக்கொண்டு மூச்சுவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் இனம் அது. இரண்டும் வேண்டாம், இரண்டுக்கும் வாசமும் இல்லை.

சேர, துளசி, புதினா, கோரைக்கிழங்கு... இதுகளும் வாசம்தானே?

சேர என்கிற எலுமிச்சைப்புல்லும் துளசியும் கால் நனைந்தால் அழுகும்; அவை படிக்கட்டிலேயே இல்லை, வீட்டு வாசலில் இருக்கட்டும். புதினா நடுப்படிக்குச் சற்று மேலே, மத்தியான வெயில் படாத இடத்தில், சாடிக்குள் வரும். கோரையை நட வேண்டியதில்லை. அது ஏற்கனவே வந்திருக்கும்.

மீனெல்லாம் காணோம், வசம்புக் கூடை கவிழ்ந்து கிடக்குது. பூனையா?

கரையில் வால் இழுத்த தடம் இருக்கிறதா பாருங்கள். கொழும்பில் கால்வாயை ஒட்டிய வீடென்றால் பெரும்பாலும் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்புதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஐந்தடி. குளத்தில் ஊறிக்கொண்டு சாவகாசமாக இருந்தார். அடிக்காதீர்கள். கூடைகளைக் கம்பியால் கல்லோடு கட்டுங்கள், மீன் ஒளிய அடியில் இரண்டு பைப் துண்டு போடுங்கள்.

குளத்தோர வல்லாரையைச் சம்பல் போடலாமா?

பச்சையாக வேண்டாம். தவளை, எலி, பூனை எல்லாம் நடமாடும் ஈர இடம் அது. எலிக்காய்ச்சல் இந்த ஊரில் புதிதல்ல. சம்பலுக்கு ஒரு சாடியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள். ரம்பையைக் கழுவிக் கறியில் போடுவதால் பயம் இல்லை.

பிளட்டிலே இருக்கிறோம். பல்கனியிலே முடியுமா?

முடியும். 60 லீற்றர் பேசின் ஒன்று, ஒரு வசம்புக் கூடை, ஓரத்தில் செங்கல்லில் ஏற்றிய ஒரு சாடி ரம்பை, ஐந்து கப்பி. தண்ணீர் மட்டும் 60 கிலோ, மண்ணும் கல்லும் மேலதிகம் என்பதால் சுவரோரம் வையுங்கள், பல்கனி விளிம்பில் அல்ல. ஊருக்குப் போகும்போது மீனைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையென்றால் பேசினைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள். சுவரில் ஒட்டும் முட்டையைப் பற்றி மேலே சொன்னேனே.

வாடகை வீடு. மாறும்போது செடிகளைக் கொண்டுபோகலாமா?

கூடையில் வைத்திருந்தால் அப்படியே தூக்கலாம். வசம்புக் கிழங்கை இலையை வெட்டிவிட்டு ஈரச் சாக்கில் சுற்றினால் ஒரு வாரம் தாங்கும். ரம்பையில் இரண்டு பக்கக் கன்று போதும். தாய்ச்செடியை விட்டுவிட்டுப் போங்கள், வீட்டுக்கார அம்மா அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளில் நல்ல மனநிலையில் இருப்பார்.